நாலு பேர் பார்க்கட்டும்

தன்னம்பிக்கை வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? வராது! மேடைப் பேச்சைக் கேட்டு வராது. சுவரில் ஒட்டிய பொன்மொழியைப் பார்த்து வராது. இந்தக் கட்டுரையைப் படித்தும் வராது. விடிவதற்கு முன் தெருவில் இறங்கி, நூறடி ஓடி, நாக்கு தள்ளி, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, வெட்கத்தோடு வீடு திரும்பி, மறுநாளும் அதே தெருவில் இறங்குகிறவருக்கு மட்டும் அது வரும். அவருக்கும் உடனே வந்துவிடாது. வேலை முதலில், நம்பிக்கை பிறகு. நமக்கு யாரோ இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

நான் ஓட்டக்காரி இல்லை. பள்ளி விளையாட்டு விழாவில் பந்தல் நிழலில் உட்கார்ந்து கைதட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவள். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. இரண்டு பிள்ளைகள், வங்கியில் கவுன்ட்டர் வேலை, எல்லைக்கோட்டில் நிற்கும் சர்க்கரை. போன ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடி முடித்தேன். 21 கிலோமீட்டர், அதற்கு மேல் 97.5 மீட்டர். மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாயிற்று.

மறுநாள் அலுவலகத்தில் மைசூர்பாகு கொடுத்தேன். எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “எத்தனாவது வந்தீங்க?”

கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து வாங்கியே வளர்ந்த கூட்டம் நாம். உலகின் முன்னணி வீரர்கள் இதே தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். அவர்கள் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தபோதும் நான் சாலையில்தான் இருந்திருப்பேன். அதனால் என்ன? முதலாவதாக வர முடியாதவர் களத்தில் இறங்கவே கூடாது என்று சின்ன வயதிலேயே நம் மண்டையில் ஆணி அடித்துவிட்டார்கள். சுருதி சேராதவர் பாடக் கூடாது. கோடு நேராக வராதவர் படம் போடக் கூடாது. மூச்சு வாங்குகிறவர் ஓடக் கூடாது. அந்த ஆணியை இன்றைக்கே பிடுங்கி எறியுங்கள்! ஒரு காரியத்தைச் சுமாராகச் செய்து சந்தோஷப்படும் உரிமை ஒவ்வொரு மனிதப் பிறவிக்கும் உண்டு. அதை யாரிடமும் விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டியதில்லை.

ஓடத் தொடங்குகிறவரின் முதல் எதிரி முழங்கால் என்று நினைப்பீர்கள். எதிர்வீட்டு பால்கனிதான் முதல் எதிரி.

பால் பாக்கெட் இறக்கும் தம்பி சிரித்தான்: “அக்கா, பஸ் இன்னும் வரல, மெதுவாவே போங்க!” அடுக்குமாடி வாட்ச்மேன் ஐயா நிஜமான கவலையோடு கேட்டார்: “ஏம்மா, யாராச்சும் தொரத்துறாங்களா?” நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற சார் ஒருவர், “இந்த வயசுல ஓடினா முட்டி போயிடும்மா, நடந்தாலே போதும்” என்று அறிவுரை சொன்னார். சொல்லிக்கொண்டே, நடந்தபடியே, ஓடிக்கொண்டிருந்த என்னைத் தாண்டிப் போனார். தெருநாய்கள் ஒரு வாரத்தில் என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டன. மனிதர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் தேவைப்பட்டது.

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கேட்கிறீர்களா? நினைக்கட்டும்! நினைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அவரவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்ற கவலையே பெரிது. உங்களைப் பற்றி அவர்கள் யோசிக்கும் நேரம் முப்பது விநாடிகூட இருக்காது. அந்த முப்பது விநாடிக்குப் பயந்து முப்பது வருடத்தைத் தொலைத்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! முட்டி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அளவாக, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் மற்றவர்களைவிட அதிகமாக வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உட்கார்ந்தே இருக்கும் முழங்காலும் தேயத்தான் செய்கிறது.

எங்கள் அத்தையின் கவலை வேறு. “ரெண்டு புள்ள பெத்த ஒடம்பும்மா. ஓடினா கர்ப்பப்பை எறங்கிடும்.” அன்பில் சொன்னதுதான். ஆனால் இந்த வாக்கியத்துக்கு ஒரு சர்வதேச வரலாறு உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1966-இல் பாபி கிப் என்ற அமெரிக்கப் பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்களின் உடம்பு அத்தனை தூரம் தாங்காது என்று பதில் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? சகோதரரின் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் புதரில் ஒளிந்திருந்து, கூட்டம் கிளம்பியதும் உள்ளே புகுந்துவிட்டார். 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். ஓடிய ஆண்களில் பெரும்பாலோர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

அடுத்த வருடம் கேத்ரின் ஸ்விட்சர். பெயரைச் சுருக்கி, முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் பதிவு செய்திருந்தார். எண் 261. ஓட்டத்தின் நடுவே ஓர் அதிகாரி பாய்ந்து வந்து, அவர் மேலிருந்த எண்ணைக் கிழிக்கப் பார்த்தார். அந்தப் புகைப்படங்கள் உலகம் முழுவதும் போயின. ஸ்விட்சர் நிற்கவில்லை, முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அந்தக் காலத்தில் அங்கேயும் இதே பேச்சுதான்: ஓடினால் பெண்ணுக்குக் கர்ப்பப்பை விழுந்துவிடும், மீசை முளைத்துவிடும். பாஸ்டனில் பெண்களை முறைப்படி அனுமதிக்க 1972 ஆயிற்று. ஒலிம்பிக்கில் இன்னும் கேவலம். 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்ததைப் பார்த்துப் பதறி, அந்தப் பந்தயத்தையே தூக்கிவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-இல். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984-இல்தான் முதன்முதலாக நடந்தது. நான் பிறந்து, தவழ்ந்துகொண்டிருந்த காலம்! ஆக, “உன்னால் முடியாது” என்று உலகம் சொன்னால், அது உங்கள் உடம்பைச் சோதித்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் சொல்கிறவரின் பழக்கம் அது. 2017-இல் ஸ்விட்சர் தன் எழுபதாவது வயதில் அதே பாஸ்டனில், அதே 261-ஐ மாட்டிக்கொண்டு மறுபடியும் ஓடி முடித்தார்.

அத்தையின் சந்தேகத்தை மகப்பேறு மருத்துவரிடமே கேட்டுவிட்டேன். “கர்ப்பப்பை என்ன சட்டைப் பையில் கிடக்கும் சில்லறையா, ஓடினால் கொட்டிப்போக?” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, பிரசவத்தில் தளர்ந்த அடிவயிற்றுத் தசைகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, கீழே கனமாக இருந்தாலோ கூச்சப்படாமல் வந்து காட்டச் சொன்னார். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதலாம். இந்தக் கூச்சத்தால்தான் எத்தனையோ பெண்கள் குதிக்காமல், ஓடாமல், உரக்கத் தும்மாமல்கூட வாழ்ந்து முடிக்கிறார்கள். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்: பட்டுப்புடவைக்குச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கை நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவழியுங்கள். 1977-இல் அமெரிக்காவில் மூன்று பெண்கள், ஆண்கள் விளையாட்டுக்கு அணியும் உள்ளாடை இரண்டை வெட்டி ஒன்றாகத் தைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். கடையில் கிடைக்காததைத் தாங்களே தைத்துக்கொண்டார்களே தவிர, ஓடுவதை நிறுத்தவில்லை.

சரி, எப்படி ஓடுவது? மெதுவாக. வெட்கமே இல்லாமல் மெதுவாக!

இதை யாரும் நம்புவதில்லை. குறிப்பாக ஆண்கள் நம்புவதில்லை. முதல் நாளே கல்லூரி நாட்களை நினைத்துக்கொண்டு பாய்வார்கள். மூன்றாம் நாள் கெண்டைக்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு, “ஓட்டம் நமக்கு ஒத்து வராதுப்பா” என்பார்கள். ஒத்து வராதது ஓட்டம் இல்லை, வீம்பு. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அந்த வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஒரு நிமிடம் ஓடுங்கள். இந்த ஓட்டம்-நடை முறையைப் பரப்பியவர் ஜெஃப் காலோவே. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஒலிம்பிக் வீரரே நடக்கச் சொல்லியிருக்கிறார், நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

மெதுவாக ஓடும்போது உடம்புக்குள் பெரிய வேலை நடக்கிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளை விடுகின்றன. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். ஆனால் எலும்புக்கும், தசையை எலும்போடு கட்டும் நாண்களுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு பழகிவிட்டதே என்று தூரத்தை எகிற விட்டால் முன்காலெலும்பு வலி வந்து உட்கார வைத்துவிடும். அதனால்தான் பொறுமை என்கிறேன். பொறுமை என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமாக்கிக்கொள்ளாதீர்கள். நாளைக்கும் ஓட வேண்டும் என்பதற்காக இன்றைக்கு அடக்கி ஓடுவது அது. வேகமாக ஓடுவதைவிட அதற்கு அதிக நெஞ்சுரம் வேண்டும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டர் ஓட, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். எழுபது கிலோ எடையுள்ளவர் 21 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 1,500 கலோரி. நன்றாகச் சாப்பிட்டுப் பயிற்சி செய்த ஒருவரின் தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி. கொழுப்பு அதற்கு மேல் தனி. (அது நம்மிடம் தாராளமாகவே உண்டு.) அதாவது அரை மாரத்தானுக்குத் தேவையான எரிபொருளை உங்கள் உடம்புக்குள் ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் சோபாவில் சாய்ந்திருக்கிறீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை ஓடுகிறவர்கள் ‘லாங் ரன்’ என்பார்கள். எங்கள் ஓட்டக் கூட்டத்துக்கு மெரினா. காந்தி சிலையில் கூடி, கலங்கரை விளக்கம் தாண்டி, நொச்சிக்குப்பம் லூப் சாலை வழியாகப் போய்த் திரும்புவோம். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும், சூடு வெளியேறாது. குளிர்ந்த ஊர்க்காரர் எழுதிய பயிற்சி அட்டவணையை இங்கே அப்படியே ஓட முடியாது. மேலும் மெதுவாகத்தான் ஓட வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும்.

லூப் சாலையில் ஒருநாள் மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார்.

“இன்னாத்துக்கு இப்டி ஓடுற? காசு கீசு தருவாங்களா?”

“இல்லம்மா, நாமதான் காசு கட்டணும்.”

“காசு கட்டி ஓடுறியா!” என்று பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். “எவ்ளோ தூரம்?”

“இருபத்தோரு கிலோமீட்டர். முடிச்சா மெடல் தருவாங்க.”

“நானுந்தான் தெனமும் கூடையத் தூக்கினு தெருத் தெருவா நடக்குறேன். எனக்கு யார் மெடல் குடுப்பா?”

“உங்களுக்குத்தான் குடுக்கணும்.”

“அத்த மொதல்ல வாங்கியா, அப்பால ஓடு” என்று வஞ்சிரத்தை எடுத்துப் பலகையில் போட்டார்.

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பிழைப்புக்காகவே உடம்பை இயக்குகிறவர்களிடம் போய் எழுந்து ஓடுங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. என் சத்தமெல்லாம் குளிரூட்டிய அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, லிஃப்டில் ஏறி இறங்கி, “டயர்டா இருக்கு” என்று சொல்கிறவர்களுக்காக. என்னைப் போன்றவர்களுக்காக.

நேரமில்லை என்கிறீர்களா? ஆண்கள் இதைச் சொன்னால் கைபேசியில் எத்தனை மணி நேரம் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்வேன். பெண்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒரு பெண் வீட்டில் இல்லாமல் இருப்பது சில வீடுகளில் மாரத்தானைவிடக் கடினமான காரியம். அதற்கும் பயிற்சி வேண்டும், உங்களுக்கும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும். முதல் ஞாயிறு சட்னி இல்லை என்று புகார் வந்தது. அடுத்த ஞாயிறு கடையில் வாங்கினார்கள். பிறகு ஒரு ஞாயிறு, நான் திரும்பி வந்தபோது, கணவரே இட்லி ஊற்றி எடுத்திருந்தார். துணியோடு ஒட்டிக்கொண்டு பாதி இட்லி கிழிந்திருந்தது. அருமையாக இருந்தது என்று சொல்லிச் சாப்பிட்டேன். யாரும் பசியில் சாகவில்லை!

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு இருப்பவர்களும், நாற்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், கண் இருட்டுதல் வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். பிடிவாதம் காட்ட வேண்டிய இடம் வேறு.

பந்தய நாள். விடியாத இருட்டில் ஆயிரக்கணக்கான பேர். மொபைல் கழிப்பறை வாசலில் தொடக்கக் கோட்டைவிட நீளமான வரிசை. சட்டையில் நான்கு ஊக்கு குத்தி மாட்டிய எண் அட்டை, அதன் பின்னால் ஒட்டிய சிப். இந்தச் சிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கி வெடித்தவுடன் உங்கள் நேரம் ஓடத் தொடங்காது. கூட்டத்தின் கடைசியில் நின்று, நகர்ந்து நகர்ந்து, கோட்டில் விரித்திருக்கும் பாயை உங்கள் கால் தாண்டும் கணத்தில்தான் உங்கள் கடிகாரம் தொடங்கும். உங்களுக்கு முன்னால் கிளம்பியவர்கள் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் உங்கள் கணக்கில் ஒரு விநாடிகூட ஏறாது. நாற்பது வயதில் தொடங்குகிறோமே, தாமதமாகிவிட்டதே என்று புலம்புகிறவர்களை அந்தப் பாயின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

முதல் பத்து கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் என் நிமிடக் கணக்கில் ஓடி, நடந்து, ஓடினேன். பதினாறைத் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார் கண்ணைக் கூச வைத்தது. வலது கெண்டைக்கால் உருண்டு திரண்டு கல்லாக இறுகியது. தொட்டால் தனி உயிர் மாதிரி துடித்தது. காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி, கழுத்தில் தன்னார்வலர் அட்டை தொங்க, ஓடி வந்தாள். சாலையில் மண்டியிட்டு, என் காலணி நுனியைப் பிடித்து உள்ளங்காலை முழங்காலை நோக்கித் தள்ளினாள். “மூச்சை விடுங்க ஆன்ட்டி... விடுங்க... இன்னொரு தரம்.” மெல்ல அவிழ்ந்தது. உப்புத் தூவிய ஆரஞ்சுச் சுளையைக் கையில் திணித்தாள்.

அப்போது திரும்பிப் பார்த்தேன். தொலைவில் ஒரு பஸ். நேரக்கெடுவைத் தாண்டியவர்களை ஏற்றிக்கொள்ள ஊர்ந்து வரும் பஸ். பால்காரத் தம்பியின் வாய் முகூர்த்தம்! இப்போது நிஜமாகவே ஒன்று என்னைத் துரத்தியது. உள்ளே ஜன்னலோரச் சீட்டு காலி. மின்விசிறிகூடச் சுற்றியிருக்கும்.

மனசு அந்த நேரத்தில் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசும் தெரியுமா? பதினாறே பெரிய தூரம் என்றது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றது. பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று பாசத்தைக்கூட இழுத்தது. தென்னாப்பிரிக்க விளையாட்டு அறிவியலாளர் டிம் நோக்ஸ் ஒரு கருத்தைச் சொன்னார்: களைப்பு என்பது தசை காலியாகிவிட்டதன் அடையாளமாகவே இருக்க வேண்டியதில்லை. உடம்பைப் பாதுகாக்க மூளை முன்கூட்டியே அடிக்கும் மணியாகவும் இருக்கலாம். இதை ஏற்காத விஞ்ஞானிகளும் உண்டு. ஆனால் ஒன்றை யாரும் போய்ப் பார்க்கலாம். இனி ஓரடி முடியாது என்று தள்ளாடி வருகிறவர், முடிவுக் கோட்டின் வளைவு கண்ணில் பட்டதும் பாய்ந்து ஓடுவார். அந்தச் சக்தி எங்கே ஒளிந்திருந்தது?

அறுபதைத் தாண்டிய ஒருவர் என் பக்கமாக வந்தார். தலையில் ஈரத் துண்டு. “நின்னா மறுபடி புடிச்சுக்கும் தங்கச்சி. நடந்துக்கிட்டே இரு. இருபத்தொண்ணைப் பத்தி இப்ப நினைக்காத. அதோ அந்த பஸ் ஸ்டாப் வரைக்கும் வா.” பஸ் ஸ்டாப் வந்தது. “அந்தப் பெட்டிக்கடை வரைக்கும்.” பெட்டிக்கடை வந்தது. தார்ச்சாலையை அவர் துண்டு துண்டாக நறுக்கி என் முன்னால் வைத்துக்கொண்டே வந்தார். பெரிய லட்சியம் வை என்று நமக்கு ஓயாமல் சொல்கிறார்கள். வையுங்கள், நல்லதுதான். ஆனால் கால் மரத்துப்போன வேளையில் பெரிய லட்சியம் பயமுறுத்தத்தான் செய்யும். அப்போது கையில் பிடிக்கிற அளவுக்குச் சின்னதாக ஒன்று வேண்டும். கடன் கழுத்தை நெரிக்கிறதா, அரியர் பேப்பர் மலையாகக் குவிந்திருக்கிறதா, நோயிலிருந்து எழ முடியவில்லையா? அந்தப் பெட்டிக்கடை வரைக்கும் வாருங்கள்!

21 என்று எழுதிய பலகையைத் தாண்டியும் பந்தயம் முடியாது. 97.5 மீட்டர் மிச்சமிருக்கும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தானை வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்த 42.195 கிலோமீட்டர்தான் பிறகு 1921-இல் உலகத்துக்கே நிலையான தூரமாயிற்று. அதில் சரிபாதி நம் தலையில் விழுந்தது. ராஜா வீட்டுக்காரர்கள் வசதியாகப் பார்க்கட்டும் என்று வந்த கணக்குக்கு நான் ஏன் ஈசிஆரில் வியர்வை சிந்த வேண்டும் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஓடிவிட்டேன்.

முடித்ததும் அழுகை வரவில்லை. பசி வந்தது. மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். மறுநாள் மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க முடிந்தது. பிள்ளைகள் அதை வீடியோ எடுத்தார்கள்.

ஆனால் அந்த வாரம் ஒன்று நடந்தது. எங்கள் வங்கியில் பதவி உயர்வுத் தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. வருடா வருடம் வரும். வருடா வருடம் “இந்த வயசுல எனக்கெதுக்கு” என்று தாளைத் திருப்பி வைத்துவிடுவேன். இந்த முறை படிவத்தை வாங்கிப் பூர்த்தி செய்து கொடுத்த பிறகுதான், பயப்படவே இல்லையே என்று உறைத்தது. யாரும் எனக்கு ஊக்கம் தரவில்லை, நானும் கண்ணாடி முன் நின்று எனக்கு நானே எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. கால் பழகியதை மனசு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது, அவ்வளவுதான். தேர்வு என்னாகும் என்று தெரியாது. தினமும் காலை ஓடிவிட்டு வந்து பத்துப் பக்கம் படிக்கிறேன். மெதுவாகத்தான் படிக்கிறேன். கடைசி இடத்தில் தேறினாலும் மைசூர்பாகு உண்டு.

இன்னும் சாக்கு இருக்கிறதா? காலில் பழைய அடி என்கிறீர்களா? மா. சுப்பிரமணியன் சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்டவர். சென்னை மேயராகவும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் இருந்த அவர் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார். அவர் அரசியல் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், கால் எல்லாக் கட்சிக்கும் உண்டு. வயதாகிவிட்டது என்கிறீர்களா? பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஃபௌஜா சிங், மனைவியையும் மகனையும் பறிகொடுத்த துக்கத்தில் கிடந்தவர். 2000-ஆம் ஆண்டு லண்டனில் தன் முதல் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89. அரை மாரத்தான் இல்லை, முழுசு! 2011-இல் டொரன்டோவில், நூறு வயதில், எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு இன்னொன்றை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் சாதனையைப் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். அதற்காகத் தாத்தா ஓடுவதை நிறுத்திவிடவில்லை. 2025-இல், தன் சொந்த ஊர்ப் பக்கம் வாகனம் மோதித்தான் போய்ச் சேர்ந்தார்.

எழுந்திருங்கள்! அலாரத்தைக் கைக்கு எட்டாத தூரத்தில், முடிந்தால் சமையலறையில் வையுங்கள். காலணியை இன்றைக்கே வாசலில் எடுத்து வையுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் கையை ஆட்டுங்கள். கோவை, மதுரை, திருச்சி என்று எந்த ஊரில் இருந்தாலும் விடியற்காலையில் ஓடுகிற ஒரு கூட்டம் பக்கத்து மைதானத்தில் நிச்சயம் இருக்கும். போய் நின்றாலே சேர்த்துக்கொள்வார்கள். பெயர் கேட்பார்கள், ஜாதகம் கேட்க மாட்டார்கள். ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என்று வளர்ந்து, உடம்பு சரியென்று சொன்ன பிறகு 21-க்குப் பதிவு செய்யுங்கள். படிவத்தில் டி-ஷர்ட் அளவு கேட்பார்கள். வழக்கமாகப் போடுவதைவிட ஒரு அளவு பெரிதாகவே எழுதுங்கள். முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடுகிறது.